தோண்டாத தங்கம்

"மாக்கஸ் அண்ணை திரும்பவும் போன் எடுத்தவர், பிள்ளை," என்றார் அம்மா. "நாளைக்குப் பூசைக்குக் கட்டாயம் வாறாராம்."

நதீஷா குளிர் அங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். மறுநாள் அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை. பங்குக் கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு அஜின்கோர்ட் கடையொன்றில் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் வாழைக்காய்ப் பொரியலை மட்டும் அம்மா தன் கையால்தான் செய்வேன் என்று நின்றார். ரொறன்ரோவை அடுத்த விட்பியில் அவர்கள் வீட்டின் சமையலறை முழுக்க எண்ணெய் வாசம்.

"ஆர் மாக்கஸ்?"

"அப்பாவின்ர பக்கத்து ஆள். செத்தவீட்டு அறிவித்தலைப் பாத்திட்டு எடுத்தவர். அதுக்குப் பிறகு அடிக்கடி எடுத்து ஆறுதல் சொல்லுறார். நல்ல மனுசன்."

மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எமில்டா மாமி தலையை நிமிர்த்தினார். அப்பாவின் தங்கை அவர். "எங்கட பக்கமோ? எங்கட பக்கத்தில அப்பிடி ஒருத்தரும் இல்லையே, மச்சாள். எனக்கும் எடுத்தவர். நான் உங்கட பக்கம் எண்டு நினைச்செல்லோ கதைச்சனான்!"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு மாதமாகச் சிரிப்பே கேட்காத வீடு அது. நதீஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்ன கேட்டவர், அம்மா?"

"என்னத்தைக் கேக்கிறது? சும்மா சுகம் விசாரிக்கிறதுதான். நீ எத்தினை மணி ரெயினில வாறனி எண்டு கேட்டவர். பொம்பிளைப் பிள்ளை இருட்டுக்க தனிய வாறதோ எண்டு அவருக்குக் கவலை. ஆறேகால் ரெயின் எண்டு சொன்னன்."

"வேறை?"

"என்ன வேலை எண்டார். உலகத்துப் பெரிய பணக்காரரைப் பற்றி எழுதுறவ எண்டன். நல்லாச் சிரிச்சார். இப்ப எந்தப் பணக்காரனைப் பற்றி எண்டார். எனக்கென்ன தெரியும்? உன்னட்ட ஆர் ஆர் வந்து கதைக்கிறவை, எங்கட ஆக்களும் இருக்கினமோ எண்டும் கேட்டவர். நீ வீட்டில ஒண்டும் சொல்லுறேல்லை எண்டு சொன்னன். ஏன், சொல்லக்கூடாதே?"

நதீஷா கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றாள். குழாயைத் திறந்தாள். தன் முகம் அம்மாவுக்குத் தெரியக்கூடாது.

அறிவித்தலை எழுதியவள் அவளேதான். எங்கள் சனம் எழுதுகிற மாதிரியே எழுதினாள். அன்னாரின் மனைவி, மகள், சகோதரி, மச்சான்மார், ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் இருக்கும் ஊர். கீழே தொடர்புகளுக்கு என்று அம்மாவின் இலக்கமும் மாமியின் இலக்கமும். திருப்பலி எங்கே, மதிய போசனம் எங்கே என்பதும் உண்டு. தகவல் தருபவர்களின் பெயரைத் தன் கணினியில்கூட எழுதி வைக்காத ஒருத்தி, தன் குடும்பம் முழுவதையும் ஊரோடும் தொலைபேசி இலக்கத்தோடும் இணையத்தில் போட்டிருந்தாள். அது ஆபத்து என்று அப்போது தோன்றவில்லை. மரணத்தை அறிவிப்பதில் ஆபத்து இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

ரொறன்ரோ நகரின் நடுவே ஒரு வணிகச் சஞ்சிகையில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு வசந்தத்திலும் அது உலகப் பணக்காரர்களின் பட்டியலை வெளியிடும். யாரிடம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர்கள் வேறு. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கடைசிக் கட்டத்தை நிரப்புவது நதீஷாவின் பொறுப்பு. பெயர், வயது, நாடு, தொகை, அதற்கப்பால் ஒரே ஒரு சொல். மென்பொருள். எண்ணெய். நிலம். அழகுசாதனம். பரம்பரைச் சொத்து. எவ்வளவு பெரிய பணத்தையும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடலாம் என்பதை அவள் அங்கேதான் கற்றாள். அந்தச் சொற்கள் பொய்யல்ல. ஆனால் சில்லறை வியாபாரம் என்று எழுதிய இடத்தில், பிறம்ரன் பண்டகசாலையில் கால் வீங்க நிற்பவர்கள் இல்லை. நிலம் என்ற சொல்லில், அந்த நிலத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள் இல்லை. சொல் சின்னது. அதற்குள் ஆட்கள் அடங்குவதில்லை.

லோர்ன் வெதரில் என்ற ரொறன்ரோக்காரரின் வரியில் பல வருடங்களாகத் 'தங்கச் சுரங்கம்' என்றே இருந்தது. ஒற்றைத் துளையிடும் இயந்திரத்தோடு வாழ்க்கையைத் தொடங்கியவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. மேற்கு ஆபிரிக்க நாடொன்றில் இருக்கும் அவருடைய சுரங்கம் வருடா வருடம் அவரைப் பட்டியலில் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது.

சென்ற இலையுதிர் காலத்தில் ஹபீபுல்லாஹ் என்பவர் அவளைத் தேடி வந்தார். வெதரில்லின் தலைமையகத்தில் சம்பளப் பிரிவில் நீண்ட காலம் இருந்துவிட்டு விலகியவர். இப்போது பிறம்ரனில் ஒரு லொறிக் கொம்பனிக்குக் கணக்கு எழுதுகிறார். சஞ்சிகையில் ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டதால் துணிந்ததாகச் சொன்னார்.

"அந்தச் சுரங்கத்துக்கு நாங்க எவ்வளவோ பேருக்குச் சம்பளம் போட்டம், மகள்," என்றார். "காவல்காரன் இருக்கிறான். லொறி ஓட்டுறவன் இருக்கிறான். சமையல்காரன், உடுப்புத் தோய்க்கிறவன் எல்லாம் இருக்கிறான். தோண்டுறவன் ஒருத்தனும் இல்லை."

சுரங்கம் எப்போதோ வற்றிவிட்டது. தங்கம் எல்லைக்கு அப்பாலிருந்து லொறிகளில் வந்தது. துப்பாக்கிக்காரர்கள் காவல் நிற்க, சிறு பிள்ளைகள் ஆற்றுச் சேற்றை அரித்து எடுக்கும் தங்கம் அது. வற்றிய சுரங்கத்தின் பெயரில் உருக்கி, முத்திரை குத்தி, சுத்தமான தங்கமாக உலகத்துக்கு விற்றார்கள். அந்த முத்திரைதான் வெதரில்லின் செல்வம்.

ஹபீபுல்லாஹ் கேட்டது ஒன்றே ஒன்று. தன் பெயர் எந்தக் காலத்திலும் வெளியே வரக்கூடாது. அவருடைய தம்பி ஸஜீத் இன்னும் அந்த நாட்டில், அதே கொம்பனியின் களஞ்சியத்தில் வேலை செய்கிறான். வேலை எடுத்துக்கொடுத்ததே இவர்தான். அங்கே உள்ளூர் வானொலிக்கு வாய் திறந்த ஒரு லொறிச் சாரதி அன்று மாலை வீடு திரும்பவில்லை. இன்றுவரை திரும்பவில்லை. "இங்கயெண்டா வக்கீல் கடிதம் வரும். அங்க கடிதம் வராது," என்றார்.

நதீஷா பெயரைக் காப்பாற்றினாள். ஆனால் வழமைப்படி வெதரில்லின் அலுவலகத்துக்குக் கேள்விகள் அனுப்பியபோது, சுரங்கத்தில் தோண்டுபவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கத் தெரிந்தவர் சம்பளப் பிரிவுக்குள் இருந்து வந்தவராகத்தான் இருக்கவேண்டும். அனுப்பிய பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

இப்போது ஒருவர் தொலைபேசியில் கேட்கிறார்: எங்கட ஆக்களும் இருக்கினமோ?

மாடிக்குப் போய்ச் சஞ்சிகை ஆசிரியைக்கு அழைத்தாள். அவர் சஞ்சிகையின் வக்கீலைக் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார். துக்க வீட்டுக்கு ஆறுதல் சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. அந்த ஆளை நீ இனம் கண்டுகொண்டாய் என்று காட்டிக்கொள்ளாதே. நாளை அங்கே வேலை சம்பந்தமாக யாரோடும் பேசாதே. அவ்வளவுதான்.

அம்மாவிடம், அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

"விசரே உனக்கு?" என்றார் அம்மா. "செத்தவீட்டுக்கு வாற மனுசரை வராதேங்கோ எண்டு சொல்லுறதோ?"

மறுநாள் பூசையில் அப்பாவைப் பற்றி அவள் நாலு வார்த்தை பேசவேண்டியிருந்தது. பேசும்போது வரிசை வரிசையாக வாங்குகளில் இருந்த முகங்களைப் பார்த்தாள். பாதிப் பேரை அவளுக்குத் தெரியாது. எந்தத் துக்கத்திலும் பாதிப் பேரைத் தெரியாதுதான்.

கோயிலுக்குக் கீழே, மண்டபத்தில் மாக்கஸைக் கண்டுகொள்வது சிரமமாக இருக்கவில்லை. ஐம்பது வயது மதிக்கலாம். கறுப்பு உடுப்பு, அளவான மீசை. மார்ச் மாதச் சேற்றிலும் பனிக்குத் தெருவில் தூவிய உப்பிலும் நடந்து வந்த எல்லோருடைய சப்பாத்துகளிலும் வெள்ளைக் கறை படிந்திருந்தது. அவருடையது மட்டும் துடைத்துப் பளபளத்தது. நெருங்கிய சொந்தக்காரரைப் போலக் கதிரை இழுத்துப் போட்டார். தண்ணீர்ப் போத்தல்களை மேசை மேசையாகக் கொண்டுபோய் வைத்தார். ஒவ்வொரு மேசையிலும் குனிந்து இரண்டு வார்த்தை பேசினார். அம்மாவின் பக்கத்தார் அவரை அப்பாவின் பக்கம் என்று நினைத்தார்கள். அப்பாவின் பக்கத்தார் அம்மாவின் பக்கம் என்று நினைத்தார்கள். நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மரியாதையல்ல.

கடைசியில் அவளிடமும் ஒரு போத்தலை நீட்டினார்.

"அப்பாவைப் பற்றி நல்லாச் சொன்னீங்கள், தங்கச்சி. எனக்கு அழுகை வந்திட்டுது."

"அப்பாவை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீக்கிலாஸ் அண்ணையைத் தெரியாத ஆள் ஆர்?" என்று புன்னகைத்தார். "அம்மா சொன்னவ, உங்களுக்குச் சரியான வேலையாம். உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ. ஆறேகால் ரெயினில ஏறினா விட்பியில இறங்க நல்லா இருட்டிப்போடும்."

அவ்வளவு அன்பாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற யாராவது கேட்டிருந்தால், பார், என்ன கரிசனை என்றுதான் சொல்லியிருப்பார்கள். நதீஷாவுக்கு மட்டும் அது மிரட்டலாகக் கேட்டது. "நன்றி அண்ணை," என்று சொல்லிப் போத்தலை வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹபீபுல்லாஹ் உள்ளே வந்தார்.

அவர் வருவார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் தடுத்திருப்பாள். பத்து இடம் மாற்றி, காருக்குள் உட்கார்ந்து மட்டுமே பேசிய மனிதர் பட்டப்பகலில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நேராக அம்மாவிடம் போனார். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். அம்மா எல்லோரிடமும் அழுததைப் போல அவர் கையையும் பிடித்து அழுதார்.

நதீஷா ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. அவரைப் பார்த்தால் மாக்கஸ் அவள் பார்வையின் வழியே அவரிடம் போய்விடுவார். பார்க்காவிட்டால் ஹபீபுல்லாஹ் துக்கம் கேட்க அவளிடமே வந்துவிடுவார். சுவரில் தொங்கிய திருக்குடும்பப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எமில்டா மாமி விடுவாரா? புது ஆளைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் இடமிருந்த மேசையில் இருத்தினார். அந்த மேசையில் அப்பாவோடு வேலை செய்த இராசரத்தினம் அங்கிளும் அவர் மனைவி தவமணி அன்ரியும் இருந்தார்கள். எதிர்க் கதிரையில் மாக்கஸ்.

மாமி சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"வேணாம் அன்ரி. நான் நோன்பு."

"ஐயோ, நோன்போ! பச்சைத் தண்ணியும் இல்லையோ? எங்களுக்கும் இப்ப தபசு காலம்தான். நாங்கள் இறைச்சியை மட்டும் விட்டிட்டு மிச்சமெல்லாத்தையும் ஒரு வெட்டு வெட்டுறம்." மேசை சிரித்தது. "பொறுங்கோ, பார்சல் கட்டித் தாறன். பொழுதுபட்டாப் பிறகு சாப்பிடுங்கோ."

மாமி போனதும் மாக்கஸ் தன் சாப்பாட்டுக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவைத்தார். "நோன்போட இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்கள். அப்ப கிட்டடி ஆள்தான்." அதே இதமான குரல். "நீங்கள் ஆரின்ர பக்கம்?"

அன்று முழுவதும் அந்த மண்டபத்தில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. தவமணி அன்ரி கூடக் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஹபீபுல்லாஹ்வின் வாய் திறந்தது, மூடியது. அவர் கண்கள் மண்டபத்தில் அவளைத் தேடத் தொடங்கின. கண்டுவிட்டால் எல்லாம் முடிந்தது.

நதீஷா எப்படி அந்த மேசைக்கு வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. "அப்பாவோட வேலை செய்தவர்," என்றாள். "பக்ரறியில."

சொன்ன கையோடு பிழை விளங்கியது. வேறு எந்தப் பொய்யையும் சொல்லியிருக்கலாம். ஸ்காபரோவின் அந்தப் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் அப்பாவோடு தோளோடு தோள் நின்று உழைத்த மனிதர் அதே மேசையில் இருக்கிறார்.

இராசரத்தினம் அங்கிள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹபீபுல்லாஹ்வை மேலும் கீழும் பார்த்தார். "எங்கட பக்ரறியிலயோ? நான் காணேல்லையே."

மாக்கஸ் மெல்ல அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியாதோ, அங்கிள்?"

"இந்த மனுசனுக்கு இப்ப ஒண்டும் ஞாபகமில்லை," என்று தவமணி அன்ரி குறுக்கே விழுந்தார். "நேற்றுக் கார் சாவியை ஃபிறிட்ஜுக்க வைச்சிட்டு வீடெல்லாம் தேடினவர். கூட வேலை செய்த ஆளையும் மறந்தாச்சு. டொக்ரரிட்ட வாங்கோ எண்டா வாறாருமில்லை."

கிழவரின் முகம் கறுத்தது. ஊரே கூடியிருக்கும் இடத்தில் தன் புத்தி மங்கிவிட்டதென்று ஒத்துக்கொள்ள அவர் ஆயத்தமில்லை.

"ஆரடி மறந்தது?" என்றார். "முகம் எனக்கு வந்த உடனேயே தெரிஞ்சது. பேர்தான் வாயில வரேல்லை. பெயின்ற் பகுதி. இரவு ஷிப்ற். என்ன, சரிதானே?"

"சரி அண்ணை," என்றார் ஹபீபுல்லாஹ்.

"பாத்தியே? சுப்பவைசரின்ர சப்பாத்துக்க பெயின்ற் ஊத்தினது ஆர்? இவர்தான்! நீக்கிலாஸ் சிரிச்சுச் சிரிச்சு விழுந்து போனான்."

"ஓம் அண்ணை. அது நான்தான்."

மேசை முழுக்கச் சிரித்தது. மாக்கஸும் சிரித்தார். சிரித்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஹபீபுல்லாஹ்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கை கழுவி, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, மாமி கொடுத்த பார்சலையும் வாங்கிக்கொண்டு படியேறிப் போனார்.

நதீஷா மேடைக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தாள். அங்கே ஜதுர்சன் கமராவைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். பரிசிலும் லண்டனிலும் மன்னாரிலும் இருக்கும் சொந்தக்காரர் பார்க்கவென்று நேரலைக்கு ஒழுங்கு செய்த வீடியோக்காரன். இப்போதெல்லாம் கமரா இல்லாமல் எங்களில் யாரும் சாவதில்லை.

"லைவ் சூப்பரா போச்சு, அக்கா. மேசை மேசையா எல்லாரின்ர முகத்தையும் க்ளோசப் எடுத்திருக்கிறன். அந்த அங்கிளுக்கும் ஃபுல் ஃபைலை அனுப்பீட்டன்."

"எந்த அங்கிள்?"

"மாக்கஸ் அங்கிள். அவரின்ர அம்மா ஊரில படுத்த படுக்கையாம், பாக்க ஆசைப்படுறாவாம். லைக், இப்பவே வேணும் எண்டு நிண்டவர்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "அக்கா? ஆர் யூ ஓகே?"

அவள் அங்கியும் போடாமல் படியேறி ஓடினாள்.

கார்த் தரிப்பிடத்தில் ஹபீபுல்லாஹ் தன் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். கையில் பார்சல். கடைசி வரிசையில் ஒரு சாம்பல் நிறக் கார் இயந்திரம் ஓடியபடி நின்றது. உள்ளே மாக்கஸ் தலை குனிந்து தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் போகவில்லை. எந்தக் காரில் யார் ஏறுகிறார்கள் என்று பார்க்கக் காத்திருந்தார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அவள் ஹபீபுல்லாஹ்வைத் தன் காருக்குள் ஏற்றிக் கதவுகளைப் பூட்டினாள். சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

"ஏன் வந்தீங்கள்?" என்று கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"வாப்பா மௌத்தான புள்ளையிட்ட ஒருக்காலும் முகம் காட்டாம இருக்கிறது எப்பிடி, மகள்?" என்றார். "அடக்கத்துக்கும் வரேல்லை. அதுவே மனசை அரிச்சது." பிறகு மெதுவாகக் கேட்டார். "என்ர முகம் போயிட்டுது, என்ன?"

"ஓம்."

அவர் தொலைபேசியை எடுத்தார். அங்கே அப்போது பொழுது சாய்ந்திருக்கும். இரண்டாவது தரம்தான் ஸஜீத் எடுத்தான். ஒலிபெருக்கியில் பின்னால் ஏதோ கால்பந்தாட்ட ஆரவாரம் கேட்டது.

"ஸஜீத், ஒண்டும் கேக்காத. இப்பவே வெளிக்கிடு. கடவுச்சீட்டை மட்டும் எடு. உம்மா மௌத்து எண்டு மனேஜரிட்டச் சொல்லு."

"நானா, என்ன பேச்சு? உம்மா மௌத்தாகி எவ்வளவு காலம்!" என்று அண்ணனிடம் கேட்டான் ஸஜீத்.

"இன்னொருக்கா மௌத்தாகட்டும். வெளிக்கிடு!"

தொலைபேசி அடங்கியது. மண்டபத்திலிருந்து சனம் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கையசைத்து, கார்களை எடுத்துக்கொண்டு போனது. நதீஷா கண்ணாடியில் சாம்பல் காரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மாக்கஸ் இப்போது யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"என்ர பேரைப் போடுங்கோ," என்றார் ஹபீபுல்லாஹ் திடீரென்று. "இனி ஒளிச்சு என்ன? அவன் விமானம் ஏறினாப் பிறகு எல்லாத்தையும் என்ர பேரிலயே போடுங்கோ."

தொலைபேசி அலறியது.

"நானா, மனேஜர் தங்கமான மனுசன்," என்றான் ஸஜீத். மூச்சு வாங்கியது. "நான் வாய் திறக்க முந்தியே லீவு தந்திட்டார். கொம்பனிக் காரையும் ட்றைவரையும் தந்திருக்கிறார், எயார்போட்டுக்கு. இப்ப கார்லதான் போறன்."

ஹபீபுல்லாஹ்வின் கை நதீஷாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. "காரை விட்டு இறங்கு."

"ஓடிக்கொண்டிருக்கு, நானா."

"என்ன தெரியுது வெளியில?"

"றோட்டு." அவன் திரும்பிப் பார்க்கும் சரசரப்புக் கேட்டது. "எயார்போட்டுக்குக் கடற்கரை றோட்டாலதான் போறது. இவன் உள்பக்கம் போறான். குறுக்கு வழியாம்." குரல் இறங்கியது. "நானா... இந்தப் பக்கம் சுரங்கம்தான் இருக்கு. வேற ஒண்டும் இல்லை."

நதீஷா தன் தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திச் சட்டைப் பையில் போட்டாள். ஹபீபுல்லாஹ்வின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிக்கொண்டு இறங்கினாள். சேற்றுப் பனியை மிதித்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தாள். சாம்பல் காரின் கண்ணாடியில் தட்டினாள்.

கண்ணாடி இறங்கியது. பக்கத்து இருக்கையில் மாமியின் பார்சல், றப்பர் பட்டி போட்டபடியே இருந்தது.

"மாக்கஸ் அண்ணை," என்றாள். "இதில கதைக்கிறது ஸஜீத். நீங்கள் அனுப்பின வீடியோவில இருக்கிற மனுசன்ர தம்பி. வெதரில்லின்ர கொம்பனிக் காரில இப்ப அவனைக் கொண்டு போறாங்கள். எயார்போட் பக்கம் இல்லை. ஸஜீத், எந்தப் பக்கம் எண்டு திருப்பிச் சொல்லு."

ஸஜீத் சொன்னான். அந்தக் குரலைக் கேட்ட யாருக்கும் அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்காது.

மாக்கஸின் முகத்திலிருந்து அந்த இதம் போய்விட்டிருந்தது. அது போனதும் அவர் அஜின்கோர்ட்டில் எந்தக் கடை வாசலிலும் காணக்கூடிய ஒரு நடுத்தர வயது மனிதராக இருந்தார். "எனக்கு உதொண்டும் தெரியாது, தங்கச்சி. ஆர் ஆர் வருகினம் எண்டு பாத்துச் சொல்லச் சொன்னவை. அவ்வளவுதான் என்ர வேலை."

"இவ்வளவு நேரமும் தெரியாது. இப்ப தெரியும். இனித் தெரியாது எண்டு சொல்லேலாது." தன் குரல் நடுங்குவது அவளுக்குக் கேட்டது. நடுங்கட்டும் என்று விட்டாள். "இது முழுக்கப் பதிவாகுது. உங்கட இலக்கம் என்ர அம்மாவின்ர போனில நிறைஞ்சு போய்க் கிடக்கு. அவனுக்கு என்ன நடந்தாலும், அதை ஆரம்பிச்சு வைச்ச ஆள் ஆர் எண்டுதான் முதல்ல எழுதுவன். உங்கட ஆக்களுக்கு எடுங்கோ. நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறம் எண்டு சொல்லுங்கோ. அது போதும்."

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வெறும் தலையோடு குளிரில் வந்து நின்ற ஹபீபுல்லாஹ்வைப் பார்த்தார். பிறகு தன் தொலைபேசியை எடுத்தார். விரல் இரண்டு தரம் தவறியது. ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் பேசினார். அவர்கள் லைனில் இருக்கிறார்கள், ஆம், இப்போதும் இருக்கிறார்கள், பத்திரிகைக்காரி என் முன்னால் நிற்கிறாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூவரும் காத்திருந்தார்கள். ஸஜீத்தின் மூச்சும் கரடுமுரடான பாதையில் கார் குலுங்கும் சத்தமும் மட்டும் கேட்டன.

"நானா, ட்றைவருக்குக் கோல் வருது."

"ஓம். நீ போனை வையாத."

"நிப்பாட்டீட்டான். இறங்கித் தள்ளிப் போய்க் கதைக்கிறான்."

"கதவு திறக்குதோ?"

"பூட்டியிருக்கு."

ஹபீபுல்லாஹ் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் எதையோ ஓதினார். மாக்கஸ் இரண்டு கையையும் ஸ்ரியரிங்கில் வைத்துக்கொண்டு அந்தச் சிறிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் அம்மாவும் மாமியும் நின்று, இந்தப் பிள்ளை குளிருக்க நிண்டு என்ன கதை என்பதைப் போல இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"வாறான்," என்றான் ஸஜீத், மிக மெதுவாக. கதவு சாத்தும் ஒலி கேட்டது. இயந்திரம் உறுமியது. கல் தெறிக்கும் சத்தம். "திருப்புறான், நானா. வந்த பாதைக்கே திருப்புறான்."

"எங்கயாம்?"

அங்கே அவன் யாரிடமோ பிறமொழியில் கேட்பது கேட்டது. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

"எயார்போட்டுக்காம்." குரல் இன்னும் தாழ்ந்தது. "அப்ப இவ்வளவு நேரமும் எங்க கொண்டு போனது எண்டு கேக்கட்டோ?"

"கேக்காத," என்றார் ஹபீபுல்லாஹ். "போனை மட்டும் வையாத."